‘டீ’யும் இல்லை... ‘சாயா’வும் இல்லை... போலந்தில் தேநீருக்கு ஏன் ‘ஹெர்பாத்தா’ என்று பெயர்?

டிசம்பர் மாதம். போலந்தின் தலைநகர் வார்சாவில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே எலும்பை ஊடுருவும் குளிர். சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று ஒரு சின்ன உணவகத்துக்குள் நுழைகிறீர்கள். மெனு கார்டை விரித்தால் ‘காவா’ என்று ஒரு சொல். அது காபி என்று யூகித்துவிடலாம். அதற்கு அடுத்த வரியில் ‘ஹெர்பாத்தா’ என்று இருக்கிறது.

‘டீ’ எங்கே? ‘சாய்’ எங்கே? தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. ஏனென்றால், அந்த ‘ஹெர்பாத்தா’தான் டீ.

தமிழ்க் காதுக்கு இது ‘ஹெர்பா... தா!’ என்று யாரோ கேட்பது போலவே ஒலிக்கும். ஆனால், இந்தச் சின்னச் சொல்லுக்குள் இரண்டு ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ரோம். இன்னொன்று சீனாவின் கடலோரம். இந்த இரண்டும் போலந்தில் எப்படிக் கைகோத்தன? 123 ஆண்டுகள் உலக வரைபடத்திலேயே இல்லாமல் போன ஒரு நாட்டில், இந்தச் சொல் மட்டும் எப்படிப் பத்திரமாக இருந்தது? ஒரு டம்ளர் டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கதை கொஞ்சம் நீளம்.

உலகத்துக்கே இரண்டு பெயர்கள்தான்!

முதலில் ஓர் ஆச்சர்யம். உலகின் பெரும்பாலான மொழிகளில் தேநீருக்கு இருக்கும் பெயர்கள் இரண்டே குடும்பங்களில் அடங்கிவிடும். ஒன்று ‘தே’ குடும்பம். ஆங்கிலத்தின் ‘டீ’, பிரெஞ்சு மொழியின் ‘தே’, ஜெர்மனின் ‘டே’ எல்லாம் இதில் வரும். இன்னொன்று ‘சா’ குடும்பம். இந்தியின் ‘சாய்’, ரஷ்ய மொழியின் ‘சாய்’, துருக்கியின் ‘சாய்’, மலையாளத்தின் ‘சாயா’ எல்லாம் இதில் வரும்.

இரண்டு குடும்பங்களுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். சீன மொழியில் தேநீருக்கு ஒரே எழுத்துதான் இருக்கிறது. அதைப் பெரும்பாலான சீனர்கள் ‘ச்சா’ என்று படிப்பார்கள். ஆனால், தென்கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் ஃபூஜியன் மாகாணத்தில், ஹொக்கியன் பேசும் மக்கள் அதே எழுத்தை ‘தே’ என்று படிப்பார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு.

ஒரு நாட்டுக்குத் தேயிலை யார் கையிலிருந்து, எந்த வழியாக வந்ததோ, அந்தப் பெயரே அங்கே ஒட்டிக்கொண்டது. ஒட்டகங்களிலும் குதிரைகளிலும் ஏறித் தரைவழியாக பாரசீகத்துக்கும் ரஷ்யாவுக்கும் போனபோது, அது ‘சாய்’ ஆனது. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஃபூஜியன் வணிகர்களிடம் வாங்கிக் கப்பலில் ஏற்றியபோது, அது ‘தே’ ஆனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குத் தேயிலை கொண்டுவந்த பெரிய வியாபாரி. எனவே, மேற்கு ஐரோப்பாவில் ‘தே’ பரவிவிட்டது. போர்ச்சுக்கல் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் கடல்வழியாக வந்தாலும், இறங்கியது ‘ச்சா’ என்று சொல்லும் மக்காவ் பக்கம். அதனால் இன்றும் போர்ச்சுக்கீசிய மொழியில் தேநீர் ‘ஷா’தான்.

இப்போது ஐரோப்பிய வரைபடத்தில் போலந்தின் அண்டை வீடுகளைப் பாருங்கள். மேற்கே ஜெர்மனி, ‘டே’. தெற்கே செக், ஸ்லோவாக்கியா, ‘சாய்’. கிழக்கே உக்ரைன், ‘சாய்’. இன்னும் அந்தப் பக்கம் ரஷ்யா, ‘சாய்’. செக், ஸ்லோவாக், உக்ரைனியன், ரஷ்யன் எல்லாமே போலிஷ் மொழிக்குச் சகோதரிகள் மாதிரி. ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சகோதரிகள் அத்தனை பேரும் ‘சாய்’ என்று சொல்ல, போலிஷ் மட்டும் ஏன் தனி வழியில் போனது?

பாதி ரோம், பாதி சீனா

‘ஹெர்பாத்தா’வைப் பிரித்தால் விடை கிடைத்துவிடும். ‘ஹெர்பா’ + ‘தா’.

‘ஹெர்பா’ என்றால் லத்தீனில் செடி, புல், மூலிகை. ஆங்கிலத்தில் ‘ஹெர்பல்’ என்கிறோமே, அதற்கும் இதுதான் வேர். பின்னால் வரும் ‘தா’, லத்தீனில் ‘தேயா’ என்று எழுதப்பட்ட சொல். அது ஃபூஜியன் கடலோரத்திலிருந்து டச்சுக் கப்பலில் வந்த அதே ‘தே’. லத்தீன் உடை போட்டுக்கொண்டு ‘தேயா’ ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்து ‘ஹெர்பா தேயா’ என்றார்கள். அதாவது, ‘தே என்னும் மூலிகை’.

தேநீரைப் போய் யாராவது மூலிகை என்பார்களா? அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்தபோது தேயிலை, மளிகைச் சாமான் ஆக வரவில்லை. மருந்தாக வந்தது. விலையோ அதிகம். மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், மருந்துக் கடைக்காரர்கள் எடை போட்டுத் தருவார்கள். அந்தக் கால மருத்துவர்களின் பொதுமொழி லத்தீன். எனவே, ஜாடியின் மேல் ஒட்டும் பெயரும் லத்தீனில்தான் இருக்கும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம் டப்பாக்கள் வரிசையாக இருக்குமே, அந்த வரிசையில் புதிதாக ஒரு டப்பா சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘மருந்து’க்குப் பரிந்து பேசிய மருத்துவர்களில் டச்சுக்காரரான கோர்னெலிஸ் பொன்டேகூ பிரபலமானவர். 1678-ல் தேநீரைப் புகழ்ந்து ஒரு தனி நூலே எழுதினார். அந்த நூலின் தலைப்பிலேயே தேயிலையை ‘மிகச் சிறந்த மூலிகை’ என்றுதான் குறிப்பிடுகிறார். ஒரு நாளைக்கு 8, 10 கோப்பை என்று ஆரம்பித்து, 50 கோப்பை, 100 கோப்பை குடித்தாலும் தப்பில்லை என்கிற அளவுக்குப் போனார் மனிதர். இன்றைய டயட்டீஷியன் யாராவது கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்.

மற்ற ஐரோப்பிய நாடுகளில் நாள் போகப் போக, பெயரின் முதல் பாதியான ‘ஹெர்பா’ கழன்று விழுந்தது. ‘தே’ மட்டும் தங்கியது. போலந்தில் மட்டும் முழுப் பெயரும் ஒட்டியபடியே சமையலறைக்குள் வந்துவிட்டது.

கடிதம் எழுதிய ராஜா, கரித்துக்கொட்டிய பாதிரியார்

இதற்கு ஒரு காரணம், போலந்தில் லத்தீனுக்கு இருந்த செல்வாக்கு. அன்றைய போலந்தில் சட்டம், கல்வி, திருச்சபை எல்லாவற்றிலும் லத்தீன் புழங்கியது. படித்த பிரபுக்கள் போலிஷ் பேசும்போதே நடுநடுவே லத்தீன் சொற்களை அள்ளித் தெளிப்பார்கள். நாம் இன்று தமிழ் பேசும்போது ஆங்கிலத்தைக் கலக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. எனவே, ‘ஹெர்பா தேயா’ அவர்கள் காதுக்கு அந்நியமாகவே படவில்லை.

17-ம் நூற்றாண்டின் நடுவில் போலந்தை ஆண்ட மன்னர் யான் காசிமிர், தன் மனைவியான அரசி லூட்விகா மரியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தேநீரைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். போலந்தில் தேநீரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அரசி பிரான்ஸில் வளர்ந்தவர். பாரீஸின் புது ஃபேஷன்கள் வார்சா அரண்மனைக்குள் வர அவரும் ஒரு வாசலாக இருந்தார்.

எல்லோருக்கும் இந்தப் புதுப் பானம் பிடித்துவிடவில்லை. 18-ம் நூற்றாண்டின் இறுதியில், கிரிஸ்டோஃப் க்ளூக் என்ற பாதிரியார் இருந்தார். செடி கொடிகளை ஆராய்ந்து போலிஷ் மொழியில் பெரிய தாவர அகராதி எழுதிய அறிஞர். தேயிலை என்றாலே அவருக்கு ஆகாது. சீனா தன்னிடம் இருக்கும் விஷத்தையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பினால்கூட, தேயிலை அளவுக்கு நமக்குக் கெடுதல் செய்ய முடியாது என்கிற ரீதியில் கரித்துக்கொட்டினார்.

ஒரு மருத்துவர் ‘100 கோப்பை குடி’ என்கிறார். ஒரு பாதிரியார் ‘விஷத்தைவிட மோசம்’ என்கிறார். மக்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. தங்கள் விருப்பத்துக்கு ஏற்பக் குடிக்க ஆரம்பித்தார்கள். இன்று ஐரோப்பாவில் தேநீர் அதிகம் குடிக்கும் நாடுகளில் போலந்தும் ஒன்று.

காணாமல் போன நாட்டின் வரைபடம்

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம்.

‘ஹெர்பாத்தா’ போலந்தில் மட்டும் இல்லை. பக்கத்து நாடான லிதுவேனியாவில் தேநீருக்கு ‘அர்பாத்தா’ என்று பெயர். இன்னொரு பக்கம் இருக்கும் பெலாரஸில் ‘ஹர்பாத்தா’. உக்ரைனின் மேற்குப் பகுதிப் பேச்சுவழக்கிலும் ‘ஹெர்பாத்தா’ என்ற சொல் உண்டு. ஆனால், லிதுவேனியாவைத் தாண்டி லாட்வியாவுக்குப் போனால் ‘தேயா’. பெலாரஸைத் தாண்டி ரஷ்யாவுக்குப் போனால் ‘சாய்’.

இந்தச் சொல் புழங்கும் இடங்களை வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பாருங்கள். அந்த வடிவம் இன்றைய எந்த நாட்டோடும் பொருந்தாது. ஆனால், வரலாறு படித்தவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அது ஏறக்குறைய பழைய போலந்து - லிதுவேனியா கூட்டரசின் நிலப்பரப்பு.

1569-ல் போலந்தும் லிதுவேனியாவும் ஓர் ஒப்பந்தம் மூலம் இணைந்து ஒரே கூட்டரசாயின. இன்றைய பெலாரஸும் உக்ரைனின் பெரும்பகுதியும் அதற்குள் இருந்தன. ஐரோப்பாவிலேயே பெரிய நாடுகளில் ஒன்று. தேயிலையும் ‘ஹெர்பா தேயா’ என்ற பெயரும் வந்து சேர்ந்தது இந்த நாட்டுக்குத்தான்.

பிறகு, அந்த நாடு காணாமல் போனது. 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைக் கேக் வெட்டுவது போல வெட்டி எடுத்துக்கொண்டன. 1795-லிருந்து 1918 வரை, 123 ஆண்டுகள் போலந்து என்ற நாடு வரைபடத்திலேயே கிடையாது.

நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் மொழியையும் விட்டுவைக்கவில்லை. 1863-ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வெடித்த கிளர்ச்சி தோற்றதும், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ரஷ்ய மொழி திணிக்கப்பட்டது. 1869-ல் வார்சாவின் உயர்கல்வி நிறுவனமே ரஷ்ய மொழிப் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டது. லிதுவேனியர்களின் நிலைமை இன்னும் மோசம். 1864 முதல் 1904 வரை, 40 ஆண்டுகள், லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழி நூல்களை அச்சிடவே தடை. பக்கத்து நாட்டில் அச்சடித்து, எல்லை தாண்டி ரகசியமாகக் கடத்திவந்து படித்தார்கள்.

ஜெர்மானியர் ஆண்ட பகுதியிலும் இதே கதைதான். 1901-ல் விஷெஸ்னியா என்ற ஊர்ப் பள்ளியில், சமயப் பாடத்தை ஜெர்மன் மொழியில் படிக்க மறுத்த போலிஷ் குழந்தைகள் பிரம்படி வாங்கினார்கள். நியாயம் கேட்கப் போன பெற்றோர்கள் சிறைக்குப் போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில், வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? காலையில் எழுந்ததும் அம்மா ‘ஹெர்பாத்தா’ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த அரசாணையாலும் அடுப்படிக்குள் வந்து பெயரை மாற்ற முடியவில்லை. யாரும் அந்தச் சொல்லைக் காப்பாற்ற இயக்கம் நடத்தவில்லை, மாநாடு போடவில்லை. தினமும் இரண்டு வேளை அது வாயில் புழங்கியது. அதனாலேயே பிழைத்தது.

ஆனால், எல்லா இடத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரே அதிர்ஷ்டம் இல்லை. பெலாரஸில் இன்று ‘ஹர்பாத்தா’, ‘சாய்’ இரண்டுமே உண்டு. நகரங்களில் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் ரஷ்ய மொழியில் நடப்பதால், ‘சாய்’தான் அதிகம் காதில் விழும். பெலாரஷ்ய மொழியைப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ வைத்திருக்கிறது. தாய்மொழி மீது பிடிப்புள்ள ஒருவர் அங்கே கடையில் ‘ஹர்பாத்தா’ என்று கேட்கும்போது, அவர் கேட்பது வெறும் டீ மட்டுமாக இருப்பதில்லை.

டீ ஒரு வழி, கெட்டில் இன்னொரு வழி

இவ்வளவு பிடிவாதமாக ‘ஹெர்பாத்தா’வைக் காப்பாற்றிய போலந்துக்காரர்கள், ‘சாய்’யை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களா என்றால், அதுதான் இல்லை. அது கொல்லைப்புறமாக வந்து அடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

போலிஷ் மொழியில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்கு ‘சாய்னிக்’ என்று பெயர். ரஷ்ய மொழியிலிருந்து அப்படியே எடுத்த சொல். அதற்குள் இருப்பது ‘சாய்’தான். ரஷ்ய ஆட்சிக் காலத்தில் ‘சமோவார்’ என்ற பெரிய வெந்நீர்ப் பாத்திரமும், ரஷ்ய பாணித் தேநீர்ப் பழக்கமும் போலந்து வீடுகளுக்குள் பரவின. பாத்திரத்தோடு அதன் பெயரும் வந்தது. பானத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

டீ வடிக்கும் சின்னக் குடுவைக்கு இன்னொரு பெயர் இருக்கிறது, ‘இம்பிரிக்’. இது துருக்கியிலிருந்து வந்தது. அங்கே ‘இப்ரிக்’. துருக்கிக்கு அது அரபு மொழியிலிருந்து வந்தது, அரபு மொழிக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் அதன் பொருள் ‘தண்ணீர் ஊற்றுவது’.

இப்போது ஒரு போலந்துப் பாட்டி டீ போடுவதைக் கற்பனை செய்யுங்கள். ரஷ்யா வழியாக வந்த ‘சாய்னிக்’கில் தண்ணீர் கொதிக்கிறது. துருக்கி வழியாக வந்த ‘இம்பிரிக்’கில் இலை ஊறுகிறது. டம்ளரில் விழுவதோ ரோமும் ஃபூஜியனும் சேர்ந்து பெயர் வைத்த ‘ஹெர்பாத்தா’. ஒரே அடுப்படியில் பாதி உலகம். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு எல்லாமே போலிஷ் சொற்கள்தான்.

விருந்தாளி, வீட்டுப் பிள்ளையான கதை

வெளியிலிருந்து வந்த ஒரு சொல், எப்போது ஒரு மொழிக்குச் சொந்தமாகிறது? இலக்கணம் அதை ஏற்றுக்கொள்ளும்போது. அதிலிருந்து குட்டிச் சொற்கள் பிறக்கும்போது. பழமொழியில் ஏறும்போது. ‘ஹெர்பாத்தா’ மூன்று தேர்விலும் பாஸ்.

போலிஷ் மொழியில் நம் வேற்றுமை உருபு போல சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். ‘ஹெர்பாத்தா’ சில இடங்களில் ‘ஹெர்பாத்தெ’, சில இடங்களில் ‘ஹெர்பாச்சே’. ‘த’ ஒலி ‘ச்’ ஆக மாறுவது, போலிஷ் மண்ணிலேயே பிறந்த சொற்களுக்கு நடப்பது. அது இந்த விருந்தாளிக்கும் நடந்தது.

டீயில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட்டுக்கு ‘ஹெர்பாத்நிக்’ என்று பெயர். சின்னதாக ஒரு டீ, அல்லது செல்லமாக ஒரு டீ என்றால் ‘ஹெர்பாத்கா’. ‘ஹெர்பாத்காவுக்கு வீட்டுக்கு வாங்க’ என்று அழைத்தால், டீயோடு அரட்டையும் இலவசம் என்று பொருள்.

ஒரு காரியம் கைமீறிப் போய்விட்டால் போலந்துக்காரர்கள் ‘யூஷ் போ ஹெர்பாச்சே’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நேரடி அர்த்தம், ‘டீ முடிந்துவிட்டது’. கதை முடிந்தது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘காவா ச்சி ஹெர்பாத்தா?’ அதாவது, ‘காபியா, டீயா?’. இந்தக் கேள்வியையே பெயராக வைத்து, போலந்தின் அரசுத் தொலைக்காட்சியில் ஒரு காலை நிகழ்ச்சி 1992-லிருந்து 2013 வரை ஓடியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போலிஷ் மொழியில் ‘ஹெர்ப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பார்த்தால், ‘ஹெர்பாத்தா’வுக்குத் தாய் போலவே தெரியும். ஆனால், இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ‘ஹெர்ப்’ என்றால் பிரபுக் குடும்பங்களின் கேடயச் சின்னம். அது ‘பரம்பரைச் சொத்து’ என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து, செக் மொழி வழியாக வந்தது. ஒலி ஒன்றாக இருக்கிறது என்று சொந்தம் கொண்டாடினால் ஏமாந்துபோவோம். சொல்லாராய்ச்சியின் முதல் பாடமே இதுதான்.

உண்மையான சொந்தம் தூரத்தில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே பக்கம் ‘யெர்பா மாத்தே’ என்று ஒரு பானம் குடிக்கிறார்கள். கால்பந்து வீரர்கள் கையில் ஒரு குடுவையும் உறிஞ்சுகுழலுமாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ‘யெர்பா’, லத்தீன் ‘ஹெர்பா’வின் ஸ்பானிஷ் வடிவம். ‘மாத்தே’ என்பது, ஆண்டிஸ் மலைப் பழங்குடியினரின் கெச்சுவா மொழியில் சுரைக்குடுவையைக் குறிக்கும் சொல். முன்பாதி ரோம், பின்பாதி உள்ளூர். ‘ஹெர்பாத்தா’ போலவே ஒட்டுப்போட்ட சொல். செடி வேறு, கண்டம் வேறு, பெயர் பிறந்த விதம் ஒன்று.

அப்போ, நம்ம ‘தேயிலை’?

இதுவரை படித்தவர்களுக்கு மனதில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். ‘ஹெர்பா தேயா’, அதாவது ‘தே என்னும் மூலிகை’. நாம் என்ன சொல்கிறோம்? தேயிலை. ‘தே’ + ‘இலை’!

போலந்துக்காரர்கள் செய்த அதே வேலையைத்தான் தமிழும் செய்திருக்கிறது. அவர்கள் ‘தே’க்கு முன்னால் லத்தீன் ‘ஹெர்பா’வைச் சேர்த்தார்கள். நாம் ‘தே’க்குப் பின்னால் சொந்த ‘இலை’யைச் சேர்த்தோம். பானத்துக்கு ‘நீர்’ சேர்த்து ‘தேநீர்’ ஆக்கினோம். ஈழத்திலும் மலையகத்திலும் அது ‘தேத்தண்ணி’. 1867-ல் இலங்கையின் கண்டி மலைப்பகுதியில் ஜேம்ஸ் டெய்லர் வணிகரீதியில் தேயிலை பயிரிட ஆரம்பித்த பிறகு, அந்தத் தோட்டங்களில் இலை பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். உலகமே குடித்த அந்தத் தேநீரைத் தங்கள் வாய்க்கு ஏற்ற பெயரில் அவர்கள் அழைத்தார்கள்.

மேடைப் பேச்சில் ‘டீ’ என்றால் ஆங்கிலம், ‘தேநீர்’ என்றால் நல்ல தமிழ் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், ‘டீ’யும், ‘தேநீர்’ என்பதில் இருக்கும் ‘தே’யும் ஒரே ஃபூஜியன் தாயின் பிள்ளைகள். ஒன்று ஆங்கிலக் கப்பலின் வாசனையோடு அப்படியே நிற்கிறது. இன்னொன்று ‘நீர்’ என்ற நம் வீட்டுச் சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு, வேட்டி கட்டி நிற்கிறது. அதனால் ‘தேநீர்’ தமிழ் இல்லை என்று ஆகிவிடுமா? ‘ஹெர்பாத்தா’ போலிஷ் இல்லை என்று வார்சாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டுக் கேரளம் இன்னும் சுவாரஸ்யம். அங்கே குடிப்பது ‘சாயா’. ஆனால், செடியில் பறிப்பது ‘தேயில’. பானம் ஒரு குடும்பம், இலை இன்னொரு குடும்பம். போலந்தில் ஹெர்பாத்தாவும் சாய்னிக்கும் ஒரே அடுப்படியில் குடித்தனம் நடத்துவது போலத்தான் இதுவும்.

குடித்துப் பார்க்க ஆசையா?

கடைசியாக, வீட்டிலேயே போலந்து ஸ்டைலில் ஒரு ஹெர்பாத்தா போடலாம். ரொம்ப சுலபம். சின்னக் குடுவையில் நிறைய தேயிலை போட்டு, கொஞ்சமாகக் கொதிநீர் ஊற்றி, கெட்டியாக ஊறவிடுங்கள். அதற்கு அங்கே ‘எசென்சியா’ என்று பெயர். நம் ஊர் டிகாஷன் மாதிரிதான். டம்ளரில் இதைக் கொஞ்சம் ஊற்றி, மீதிக்கு வெந்நீர் நிரப்புங்கள். சர்க்கரை, ஒரு வட்ட எலுமிச்சைத் துண்டு, அவ்வளவுதான். பழைய பாணியில் வேண்டுமென்றால் கண்ணாடி டம்ளரில் குடிக்க வேண்டும். சூடு தாங்க, கைப்பிடி வைத்த உலோகக் கூட்டுக்குள் டம்ளரை வைத்துத் தருவார்கள்.

பால் ஊற்றலாமா? ஊற்றலாம். ஆனால், அதற்குத் தனிப் பெயர், ‘பவார்கா’. ஜெர்மனியின் பவேரியா பகுதியின் பெயரிலிருந்து வந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குப் பால் சுரக்கும் என்று நம்பிப் பாட்டிகள் போட்டுக் கொடுக்கும் டீ அது. நம் தெருமுனைக் கடையில் நாம் தினம் குடிப்பதை ஒரு போலந்துப் பாட்டி பார்த்தால், ‘வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா?’ என்று கேட்டாலும் கேட்பார்.

போலந்தில் ஒரு சொலவடை உண்டு. வெறுமனே கலக்கிக்கொண்டே இருந்தால் ஹெர்பாத்தா இனித்துவிடாது, சர்க்கரை போட வேண்டும் என்பார்கள். மொழிக்கும் அது பொருந்தும். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கலக்கிக்கொண்டே இருப்பதில் ஒன்றும் இல்லை. 123 வருடங்கள் நாடே இல்லாதபோதும் ஒரு சொல் பிழைத்திருந்தது என்றால், அதை வீட்டில் தினமும் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

உங்கள் டம்ளர் ஆறிப்போவதற்குள் குடித்துவிடுங்கள். இல்லாவிட்டால், ‘யூஷ் போ ஹெர்பாச்சே’!